கம்ப்யூட்டரில் அம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயது

எங்கள் தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டரின்படி என் அம்மா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அதாவது இரண்டு வயதில் என்னைப் பெற்றிருக்கிறாள். இதை முதன்முதலில் திரையில் பார்த்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த அறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காருகிற ஒரே ஆள் நான்தான் என்பதால் கூடச் சேர்ந்து சிரிக்க யாரும் இருக்கவில்லை. கொஞ்ச நாளில் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

தோட்டம் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது. கீழே ஆற்றை மறித்துக் கரண்ட் எடுத்து நாட்டுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். எங்களுக்கு மட்டும் நாலு தூறல் விழுந்தால் கரண்ட் போய்விடும். நான் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். ஹட்டனில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து ஆபீஸில் சேர்ந்தேன். அன்றிலிருந்து தோட்டம் முழுக்க எனக்குப் பெயர் ‘கம்ப்யூட்டர் புள்ள’. நாற்பது வயதைத் தாண்டியும் புள்ளதான். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

அந்தக் கம்ப்யூட்டர் நான் வேலைக்குச் சேர்ந்தபோதே பழசு. சுவிட்சை ஒரு தரம் அழுத்தினால் உறுமிவிட்டு அடங்கிப்போகும். அடங்கின கையோடு இரண்டாவது தரம் அழுத்த வேண்டும். பிறகு இடது பக்கத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு. பலமாகத் தட்டினால் கோபித்துக்கொள்ளும், மெல்லத் தட்டினால் காதிலேயே வாங்காது. உள்ளே இருந்த பட்டரி செத்து வருஷக்கணக்காகிவிட்டதால், கரண்ட் போய் வந்தால் அதற்குத் தேதி மறந்துவிடும். இருபது வருஷத்துக்கு முந்திய ஏதோ ஒரு ஜனவரி முதலாம் தேதிக்குப் போய் நின்றுகொள்ளும். காலையில் என் முதல் வேலை அதை இன்றைய நாளுக்கு இழுத்துக்கொண்டு வருவது. மழைக்காலத்தில் ஈரம் ஏறாமலிருக்கப் பக்கத்திலேயே ஒரு குண்டு பல்பை எரிய விட்டிருந்தோம். இந்த வித்தை எல்லாம் தோட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் எனக்குப் பெருமை இருந்தது. அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

அம்மாவின் வயது எப்படிக் குறைந்தது என்றால், ஆபீஸில் ஒரு பெரிய பதிவுப் புத்தகம் உண்டு. அதிலே ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் இரண்டு தேதிகள். ஒன்று பிறந்த தேதி. மற்றது பேர் பதிந்த தேதி, அதாவது தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த நாள். எனக்கு முன்னால் இருந்த ஒருவர் அந்தப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, ஒரே ஒரு பக்கத்தில் கண் தவறி அடுத்த கட்டத்தைப் பார்த்து அடித்திருக்கிறார். அந்தப் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் பேர் பதிந்த அன்றைக்குப் பிறந்தவர்களாகிவிட்டார்கள். அது அப்படியொன்றும் பெரிய பிழையில்லை என்றுகூடச் சில சமயம் எனக்குத் தோன்றும். பேர் பதியும்வரைக்கும் எங்களை யார் ஆளாகக் கணக்கெடுத்தார்கள்? அம்மா இருபது வயதில் பேர் பதிந்தவள். ஆகவே கம்ப்யூட்டரில் அவளுக்கு இருபது வயது குறைச்சல்.

திருத்தலாம் என்றால் பிறந்த தேதிக் கட்டத்துக்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்தார் அந்த மனிதர். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வெளிநாடு போனபோது அதையும் கூடவே கொண்டுபோய்விட்டார்.

அம்மாவுக்கு உண்மையில் அறுபது நிறைந்த மாதத்தில் நான் அவளுடைய ஐடென்டி காட்டை எடுத்துக்கொண்டு பெரிய கிளாக்கரிடம் போனேன். ஆபீஸில், தோட்டத்தை நடத்துகிற துரைக்கு அடுத்தபடி அவர்தான். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. யாரையும் கடிந்து பேசாத மனிதர். கடியாமலேயே எந்தக் காரியத்தையும் நடக்கவிடாமல் செய்யத் தெரிந்தவர்.

“ஐயா, அம்மாவுக்கு அறுபது ஆயிருச்சுங்க. காட்டப் பாருங்க. ஓய்வுக் கடுதாசி எழுதணும்.”

“எனக்குத் தெரியாதாம்மா? ஒங்கம்மாவ முப்பது வருசமா பாக்குறேன். ஆனா மேல போறது ஐடென்டி காட்டு இல்லியே, கம்ப்யூட்டர் லிஸ்ட்டுல்ல? லிஸ்ட்டுல நாப்பதுன்னு இருக்கு. நாப்பது வயசுக்காரிக்கு ஓய்வுன்னு நா எப்படி எழுதுவேன்?”

“அப்ப என்னங்கய்யா செய்யிறது?”

“பொறு. புது சிஸ்டம் வருதாம். அதுல பூட்டுக் கீட்டு ஒண்ணும் கெடையாது. வந்த அன்னிக்கே நீயே மாத்திரு.”

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த மாதம்தான் கொழும்பிலிருந்து, தலைமை ஆபீஸிலிருந்து, கடிதம் வந்திருந்தது. நம் கம்ப்யூட்டர்களில் ஓடுகிற பழைய இயங்குதளத்தைச் செய்தவர்கள் அதற்கு இனி ஆதரவு தரமாட்டார்களாம், எல்லாத் தோட்டங்களிலும் உடனே புதியதுக்கு மாற வேண்டுமாம். நான் வாசித்து அர்த்தம் சொன்னேன். பெரிய கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இனிமே ஆதரவு இல்லியா? இத்தன நாளு யாரு ஆதரவு குடுத்தது? நீதான தட்டிக்கிட்டிருந்த?” என்றார். கடிதத்தைத் துளை போட்டு ஃபைலில் கோத்தார். அன்றைக்கு அந்த விஷயம் அதோடு முடிந்தது.

அம்மா தானாக வேலையை விட்டு நின்றுவிடலாம். நின்றால் ‘விட்டுப் போனவள்’ என்று பதிவாகும். நாற்பது வருஷம் மலையில் நின்றவளுக்கு ஒரு ஓய்வுக் கடுதாசிகூடக் கிடைக்காது. அந்தக் கடுதாசி இல்லாமல் அவளுக்குச் சேர வேண்டிய எதுவும் சேராது. “புதுப் பொட்டி வரட்டும், பொறுத்துக்குவோம்” என்று அம்மாவே சொல்லிவிட்டாள்.

அம்மாவுக்கு அப்போதே வலது முழங்கால் மடங்காது. ஆனால் அவளை எந்த மலைக்கு அனுப்புவது என்பதையும் என் கம்ப்யூட்டர்தான் தீர்மானித்தது. நாற்பத்தைந்துக்குக் கீழே இருப்பவர்கள் ஒன்பதாம் நம்பர் மலைக்கு, மேலே இருப்பவர்கள் ரோட்டோரத்து மலைக்கு என்று துரை ஒழுங்கு வைத்திருந்தார். நல்ல எண்ணத்தில்தான் வைத்தார். ஒன்பதாம் நம்பர் என்பது ஏணி இல்லாத சுவர். காலையில் எல்லோரும் கூடி வேலை பிரித்து வாங்குகிற பெரட்டுக் களத்தில், மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா நான் அடித்துக் கொடுத்த லிஸ்ட்டை வாசிப்பார். நாற்பத்தாறு வயதுப் பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு ரோட்டோரம் போவார்கள். அந்தக் கெட்டுப்போன பக்கத்தில் இன்னும் வேலையில் மிச்சமிருந்த பதினாலு பேர், எல்லோரும் அறுபதை ஒட்டியவர்கள், ‘இளசுகள்’ என்று கூடையை மாட்டிக்கொண்டு சுவர் ஏறுவார்கள். மலைக்குக் கணக்கு எழுதுகிற கணக்கப்பிள்ளையே மூச்சு வாங்கி நடுவில் உட்கார்ந்துவிடுவார்.

புது சிஸ்டம் சித்திரை வருஷப் பிறப்பு கழியட்டும் என்று காத்திருந்தது. வருஷம் பிறந்தது. அதற்குள் கொழுந்து சீசன் வந்துவிட்டது, சீசனில் யாராவது கம்ப்யூட்டரில் கை வைப்பார்களா? சீசன் முடிந்தது. கணக்குப் பார்க்கிற ஓடிட் வந்தது. ஓடிட்காரர்கள் போன மறுவாரம் துரைக்கு மாற்றல் வந்தது. புதுத் துரை வந்தார். அவர் தோட்டத்தைப் ‘படிக்க’ மூன்று மாதம் கேட்டார். அவர் படித்து முடிக்கும்போது மறுபடியும் சித்திரை வந்துவிட்டது. நடுவில் கொழுந்து நிறுக்கிற தராசு புது சிஸ்டத்தோடு பேசாது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பேசுமா பேசாதா என்று தராசுக் கம்பெனிக்கு ஒரு கடிதம் போனது. பதில் வரவே இல்லை. தராசு கம்ப்யூட்டரோடு அதுவரைக்கும் பேசியதே கிடையாது, எல்லாவற்றையும் நான்தான் கையால் அடிக்கிறேன் என்று சொன்னேன். “அது சரிம்மா, ஆனா கேட்டு வச்சிக்கிறது நல்லதுதான?” என்றார் பெரிய கிளாக்கர்.

இதற்கிடையில் புதுக் கம்ப்யூட்டரே வந்து சேர்ந்துவிட்டது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். லொறியில், பெட்டிக்குள், நுரைக்கட்டிகளுக்கு நடுவில். கையெழுத்துப் போட்டு வாங்கினது நான்தான். அதைத் திறக்க முடியாது. கொழும்பிலிருந்து ஆள் வந்துதான் திறக்க வேண்டுமாம், நாங்கள் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமாம். அதனால் மூலையில் வைத்தோம். உயரம் வாகாக இருந்ததால் அதன்மேல் துரையின் தேத்தண்ணி ஃபிளாஸ்கை வைத்தார்கள். பிறகு அதற்கு ஒரு துணி விரித்தார்கள், துணிக்கு மேலே ஒரு பூச்சாடி. சரஸ்வதி பூஜைக்கு ஆபீஸைக் கழுவிவிட்டு எல்லாச் சாமான்களுக்கும் பொட்டு வைத்தபோது பெட்டிக்கும் வைத்தோம். அடுத்த வருஷம் அந்தப் பழைய பொட்டு மங்கிப்போயிருந்ததால் அதன் மேலேயே இன்னொன்று வைத்தோம். திறந்தால் போய்விடும் என்று பயந்த உத்தரவாதம், பெட்டி திறக்காமலே காலாவதியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் அம்மா தினமும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். “பொட்டியத் தொறந்தாங்களா?”

“இல்லம்மா.”

“சரி, நாளைக்குத் தொறப்பாங்க.” சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். லயத்தில் எல்லோருக்கும் அந்தப் பெட்டியைத் தெரியும். குழாயடியில் கேட்பார்கள், கோயிலில் கேட்பார்கள். கல்யாண வீட்டில் ஒருத்தி பந்தியில் என் இலைக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

ஒரு நாள் தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து லிஸ்ட் கேட்டு ஆள் வந்தது. பிள்ளை பெறுகிற வயதிலுள்ள கல்யாணமான பெண்களுக்கு ஒரு வகுப்பு நடத்தப் போகிறார்களாம். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போதே தெரியும், அந்தப் பதினாலு பெயரும் அதில் இருக்கும் என்று. பேனாவால் வெட்டினால் கம்ப்யூட்டர் லிஸ்ட்டில் கை வைத்தாய் என்று வரும். அப்படியே கொடுத்தேன். மத்தியானம் என்ன நடக்கிறது என்று பார்க்க நானும் போய்க் கதவோரம் நின்றேன். முன் வாங்குப் பலகையில் பதினாலு பேரும் வரிசையாக, முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்குப் புதிதாக வந்த மருத்துவத் தாதி லிஸ்ட்டையும் அவர்களையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு, பாவம், தன் கடமையைச் செய்தாள். ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று படம் காட்டி விளக்கினாள்.

அம்மா கையைத் தூக்கினாள். “எம்புள்ள பொறந்து நாப்பது வருசமாச்சுங்க மிஸ்ஸி. எடவெளி போதுங்களா?”

அந்தக் கூரைத் தகரம் அதிர்ந்தது. தாதியும் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். வந்ததற்கு ஆளுக்கொரு சத்துமாப் பொட்டலம் கொடுத்தார்கள். பதினாலு பேரும் ஒரு வாரம் கூழ் காய்ச்சிக் குடித்தார்கள். சிரிப்பு அடங்கினதும் அம்மா வாங்கிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி ஆற்றில் போட்டிருப்பேன்.

போடவில்லை. மறுநாள் காலையில் போய் இரண்டு தரம் அழுத்தி, பக்குவமாக ஒரு தட்டுத் தட்டி, அதை இன்றைய தேதிக்குக் கொண்டுவந்தேன். அன்றைக்கு மாசக் கடைசி. மாசக் கடைசியில் தலைமை ஆபீஸுக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் எப்படி இயங்குகிறது, ஏதாவது குறை, முறைப்பாடு உண்டா என்று இரண்டே கேள்வி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே பெரிய கிளாக்கர் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

“மேல போற காயிதத்துல கொற எழுதப்புடாதும்மா. கொற எழுதினா, ஏன் கொற வந்துச்சுன்னு கேப்பான். நாம வெளக்கம் எழுதணும். அப்புறம் வெளக்கத்துக்கு வெளக்கம். நல்லா இருக்குன்னு எழுதிட்டா ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்.”

தோட்டத்தில் இது ஒன்றும் புதிதில்லை. கணக்கப்பிள்ளை கண்டாக்கிடம் சொல்வது நல்லா இருக்கு. கண்டாக்கு துரையிடம் சொல்வது நல்லா இருக்கு. துரை கொழும்புக்குச் சொல்வதும் அதுதான். நானும் மாதாமாதம் எழுதினேன்: ‘நன்றாக இயங்குகிறது. முறைப்பாடு இல்லை.’ கீழே என் கையெழுத்து. அதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருக்கும். செத்த மெஷினை ஓட்டுகிறேனே, யாரால் முடியும்? அம்மாவின் வயதைத் திருத்தக் கேட்டு நான் எழுதிப் போட்ட மனுக்கள் வேறு ஃபைல், இந்தப் படிவம் வேறு ஃபைல். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

மூன்று வருஷம் இப்படிப் போனது. அம்மாவுக்கு அறுபத்து மூன்று. கம்ப்யூட்டரில் நாற்பத்து மூன்று.

பிறகு ஒரு நாள் கொழும்பில் இருக்கிற பெரிய மெஷின், எங்கள் பழைய மெஷினிலிருந்து வருகிற அறிக்கையை வாங்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டது. மனிதர்கள் அனுப்பிய கடிதங்களுக்கெல்லாம் அசையாதவர்கள் மெஷின் சொன்னதும் அசைந்தார்கள். மறு வாரமே வேனில் ஒரு இளைஞன் வந்து இறங்கினான். சிங்களப் பையன், நல்ல சிரிப்பு. ஃபிளாஸ்கையும் பூச்சாடியையும் நகர்த்திவிட்டுப் பெட்டிமேல் இருந்த பொட்டுகளைப் பார்த்து, இது என்ன அக்கே என்று சிங்களத்தில் கேட்டான். கும்பிட்டோம் என்றேன். தலையாட்டிக்கொண்டு பிளேடால் டேப்பை அறுத்தான். பெரிய கிளாக்கர் வெளியே போய்விட்டார். அவருக்குப் பார்க்கத் தாங்கவில்லை.

வேலை நடந்துகொண்டிருக்கும்போது, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

அவன் தன் ஃபைலைத் திறந்து காட்டினான். தோட்டங்களின் வரிசை. எங்கள் பெயர் கடைசியில். “முறைப்பாடு உள்ள இடத்துக்குத்தானே அக்கே முதலில் போவோம்? உங்கள் தோட்டத்திலிருந்து ஒரு முறைப்பாடும் வந்ததில்லையே” என்றான். கீழே என் படிவங்கள். ஒவ்வொரு மாதமும், ஒன்றுகூட விடாமல், என் அழகான கையெழுத்தில். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவன் என்னைப் பாராட்டத் தொடங்கிவிட்டான். எங்களை ஆபீஸில் எல்லோருக்கும் தெரியுமாம். மற்றத் தோட்டங்கள் கம்ப்யூட்டர் ஓடவில்லை, மாற்றிக் கொடுங்கள் என்று எழுதும்போதெல்லாம் அவனுடைய பெரியவர் என் படிவத்தைத்தான் எடுத்துக் காட்டுவாராம். அதே வருஷத்து மெஷின், அதே சிஸ்டம், அங்கே நன்றாக ஓடுகிறதே, உங்களுக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று பதில் போகுமாம். அப்படியே மற்றத் தோட்டங்களிலும் பலவற்றுக்கு வருஷக்கணக்கில் தள்ளிப்போனதாம். “உங்களால் கம்பெனிக்கு நல்ல இலாபம், அக்கே” என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பாதி சோசரில் போனது. சித்திரை, சீசன், ஓடிட், தராசு என்று மூன்று வருஷமாக எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். என் பேனாவை ஒரு நாளும் நினைக்கவில்லை.

மத்தியானம் புதுத் திரை வெளிச்சமாக வந்தது. சுவிட்ச் ஒரே தரம். தட்டே தேவையில்லை. பிறந்த தேதிக் கட்டத்தில் பூட்டும் இல்லை. பெரிய பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திருத்தினேன். முதலில் அம்மா. பிறகு மற்றப் பதின்மூன்று பேர். கடைசிப் பெயரை அடித்து முடித்ததும் பதினாலு வரியும் ஒன்றாகச் சிவந்தன. ஓய்வு வயது கடந்தவர்கள், வேலைப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம். அந்த நேரத்தில் அவர்கள் பதினாலு பேரும் ஒன்பதாம் நம்பரில் பாதிச் சுவர் ஏறி நின்றிருப்பார்கள். கம்ப்யூட்டர் ஒரு நொடியில் அவர்களுக்கு ஆளுக்கு இருபது வயதுபோல் கூட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

மறுநாள் பெரட்டில் புது லிஸ்ட் வாசிக்கப்பட்டது. ஒன்பதாம் நம்பருக்கு மூன்றே மூன்று பெயர். கால் மணி நேரத்தில் துரை ஆபீஸுக்குள் வந்துவிட்டார். அவருக்குத் தமிழ் அவ்வளவு வராது, பதற்றத்தில் இன்னும் குறைந்திருந்தது.

“அந்த யங் பொம்பள எல்லாம் எங்க?”

“அவங்க யங் இல்லிங்க சார். அறுபதுக்கு மேல.”

“நேத்து வரைக்கும் யங் தானே!”

பெரிய கிளாக்கர் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். “சீசன் தலைக்கு மேல நிக்கிதும்மா. அதுக பதினாலும் நின்னுட்டா அந்த மலைய யாரு எடுக்கிறது? இது எனக்கு எப்பவோ தெரியும். அதான் அவசரப்படாம இருந்தேன்.” அவர் அதைச் சொன்ன விதத்தில் குற்ற உணர்ச்சி கொஞ்சமும் இல்லை. குடையை மறக்காமல் எடுத்து வந்தவர்போலச் சொன்னார்.

துரை மூலையைக் காட்டினார். பழைய மெஷின் அங்கேதான், புதுசு வந்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. “பழசு போடு. ஒரு மாசம் மட்டும். சீசன் முடிஞ்சா புதுசு.”

“ஆமாம்மா, அதுல லிஸ்ட்டு எடுத்துக் குடு. ஒரு மாசந்தான?” என்றார் பெரிய கிளாக்கர்.

எழுந்து போனேன். வயரைச் செருகினேன். இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள். சுவிட்சை அழுத்தினேன். உறுமியது, அடங்கியது. நான் இரண்டாம் தரம் அழுத்தவில்லை. இடது பக்கத்தைத் தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நானும் அவர்களோடு சேர்ந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஏறலிங்க சார்,” என்றேன். “மெஷின் செத்துப்போச்சு.”

துரை தானே வந்து அழுத்திப் பார்த்தார். பெரிய கிளாக்கர் அழுத்திப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். மேலே இருக்கிறவர்களிடம் ஒன்று நன்றாக இல்லை என்று நான் வாயைத் திறந்து சொன்னது என் வேலைக் காலத்தில் அதுவே முதல் தடவை, அதுவும் பொய். ஓய்வுக் கடுதாசி பதினாலும் அன்று பின்னேரத்துக்குள் துரையின் கையெழுத்தோடு என் மேசைக்கு வந்தன.

நேரத்தோடு வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலை இல்லாத முதல் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டை மூன்று தரம் கூட்டியிருந்தாள். கடுதாசியைக் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டுச் சாமிப் படத்துக்குக் கீழே வைக்கச் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தை அப்படியே விட்டிருக்கலாம். எனக்கு முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“மூணு வருசமும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நாந்தாம்மா. ஒரு மாசம் இல்லேன்னு எழுதியிருந்தா அவங்க எப்பவோ வந்திருப்பாங்க. நீ இவ்வளவு நாளு அந்த மலையில ஏறியிருக்க வேண்டியதில்ல.”

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“நீ மட்டுமா எழுதின? கண்டாக்கு ஐயா மாசத்துக்கு ஒரு தடவ பெரட்டுல கேப்பாரு. மேட்டு மலைக்குப் போறவங்கள்ல யாருக்காச்சும் முடியலேன்னா சொல்லுங்க, ரோட்டோரத்துக்கு மாத்தி விடுறேன்னு.”

“நீ என்னாம்மா சொன்ன?”

“என்னா சொல்றது? மக ஆபீசுல இருக்கா, அவ போட்ட லிஸ்ட்டு. ஒனக்கு ஒரு கெட்ட பேரு வந்துறக்கூடாதுல்ல. நல்லா இருக்குங்கய்யான்னு சொன்னேன். நாஞ் சொன்னதப் பாத்துட்டு மத்தவளுகளும் அதையேதான் சொன்னாளுக. கம்ப்யூட்டர் புள்ளையோட ஆத்தாளே நல்லாருக்குங்குறப்ப அவளுக எப்படி முடியலேங்குறது?”

பதினாலு பேர், மூன்று வருஷம். நான் எண்ணெய்ப் போத்தலை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மற்றக் காலையும் நீட்டச் சொன்னேன்.